வாசல் புள்ளியும் ஜாவா லூப்பும்: ஒரு சின்ன வரலாறு

ஜாவா லேபில் கால் வைத்த எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே வந்து சேரும் ஒரு கணக்கு உண்டு. கீழே இருப்பதை அப்படியே திரையில் வரவழைக்க வேண்டும். அவ்வளவுதான்!

1
1 2
1 2 3
1 2 3 4
1 2 3 4 5

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் மட்டுமல்ல, பி.காம். சி.ஏ. எடுத்தவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கோ இது கொஞ்சம் கூடுதலாகவே துரத்தும். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, அதே சாலையில் நேராகப் போனால் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி. வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் "ஒரு பேட்டர்ன் புரோகிராம் எழுதுங்க" என்று கேட்பது ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம். அதனால் முக்கோணம் ஒன்று, தலைகீழ் முக்கோணம் ஒன்று, வைரம் ஒன்று, பாஸ்கல் முக்கோணம் ஒன்று என்று பத்து புரோகிராமை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

கேட்பவர் அதில் ஒரே ஒரு சின்ன மாற்றம் சொன்னால் போதும். மனப்பாடம் கவிழ்ந்துவிடும்.

வெளியே வந்ததும் கேட்கிற கேள்வி இது: "எந்தக் கம்பெனி சார் முக்கோணம் பிரிண்ட் பண்ணச் சம்பளம் கொடுக்கிறது?" கேள்வி நியாயமானதுதான். பதில் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்காது, வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு லண்டன், நியூயார்க் என்று சுற்றிவிட்டு, கடைசியில் தாம்பரம் வழியாக நம்மூர் வாசலுக்கே வந்து நிற்கிறது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு லூப். ஒன்றுக்குள் ஒன்று. வெளி லூப் எத்தனையாவது வரிசை என்று எண்ணுகிறது. உள் லூப் அந்த வரிசைக்குள் எத்தனை எண் என்று எண்ணுகிறது. வெளியே ஓர் அடி நகர்வதற்குள், உள்ளே இருப்பது ஒரு முழு ஓட்டம் ஓடி முடித்துவிடும்.

உள் லூப் எப்போதும் 5 வரை ஓடினால் வருவது சதுரம், மொத்தம் 25 எண்கள். உள் லூப்பின் எல்லையை "வரிசை எண் எதுவோ அதுவரை" என்று மாற்றினால் முக்கோணம், மொத்தம் 1+2+3+4+5 = 15 எண்கள். "6-லிருந்து வரிசை எண்ணைக் கழித்தது வரை" என்றால் தலைகீழ் முக்கோணம்.

கவனித்தால் தெரியும், இங்கே படம் என்று எதுவுமே இல்லை. வரிசைக்கும் அதற்குள் இருப்பவற்றுக்கும் உள்ள உறவுதான் புரோகிராம். உறவு மாறினால் படம் மாறும். மனப்பாடம் செய்கிறவர்கள் படத்தை மனப்பாடம் செய்கிறார்கள், உறவை விட்டுவிடுகிறார்கள். கவிழ்வதற்குக் காரணம் இதுதான்.

மேரு மலையும் எண்சுவடியும்

எண்களை வரிசை வரிசையாக அடுக்கி ஓர் உறவைச் சொல்லும் பழக்கம் கம்ப்யூட்டரை விட மிகப் பழையது. பாஸ்கல் முக்கோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1
1 1
1 2 1
1 3 3 1
1 4 6 4 1

பிரான்ஸ் நாட்டின் பிளேஸ் பாஸ்கல் இதைப் பற்றி எழுதிய நூல் அவர் இறந்த பிறகு 1665-ல் அச்சானது. ஆனால் 10-ஆம் நூற்றாண்டிலேயே ஹலாயுதர், பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் இதே முக்கோணத்தை விவரித்துவிட்டார். அங்கே இதன் பெயர் மேருப் பிரஸ்தாரம். மேலே ஒரு கட்டம், அடுத்து இரண்டு, அடுத்து மூன்று என்று மலை போல விரிவதால் அந்தப் பெயர். விளையாட்டுக்காகப் போட்டதல்ல. நான்கு எழுத்துள்ள ஓர் அடியில் இரண்டு குருவும் இரண்டு லகுவும் எத்தனை விதமாக வரலாம் என்று கேட்டால், கடைசி வரிசையின் நடுவில் பதில் இருக்கிறது: 6. செய்யுள் கணக்குப் போட உருவான எண் முக்கோணம்!

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இதன் இன்னொரு வடிவம் இருந்தது. பிள்ளைகள் முதலில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பிறகு எண்சுவடி என்று படிப்படியாகப் போவார்கள். 1/320 ஆன முந்திரி, 1/80 ஆன காணி, 1/20 ஆன மா என்று பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் குழிமாற்று தனி. நிலத்தின் அளவைக் கணக்கிட அது தேவைப்பட்டது. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வார்கள்.

வாய்பாடு சொல்லும்போது நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "ஈரொன்று இரண்டு, ஈரிரண்டு நான்கு, ஈர்மூன்று ஆறு..." முதல் எண் அசையாமல் நிற்கிறது. இரண்டாவது எண் ஓடுகிறது. ஓட்டம் முடிந்ததும் முதல் எண் ஒன்று கூடி மூன்றாகிறது. மறுபடியும் உள்ளே ஒரு முழு ஓட்டம். லூப்புக்குள் லூப் அல்லாமல் இது வேறென்ன?

இந்தப் பள்ளிகளை "வெறும் குருட்டு மனப்பாடம்" என்று ஒதுக்கியவர்கள் காலனி ஆட்சிக் காலத்தில் நிறைய. இதை வேறு கண்ணோடு பார்த்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு. தென்னிந்தியக் கணக்கு மரபு பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2022-ல் வெளிவந்தது. திண்ணைப் பள்ளியின் நினைவாற்றல் என்பது புரியாமல் ஒப்பிப்பது அல்ல, அதுவே ஒரு கற்கும் முறை என்று அவர் வாதிடுகிறார். நெல் அளக்கிறவருக்கும் நிலம் அளக்கிறவருக்கும் அந்த வாய்பாடு வேலைக்கு வேண்டிய கருவியாக இருந்தது. மனப்பாடம் செய்தார்களா என்பதல்ல, எதை மனப்பாடம் செய்தார்கள் என்பதே கேள்வி.

குண்டூசித் தொழிற்சாலையிலிருந்து ஏடா வரை

இனி ஐரோப்பா. காமர்ஸ் மாணவர்களுக்குப் பழக்கமான ஒருவர்தான் இங்கே முதலில் வருகிறார்: ஆடம் ஸ்மித்! 1776-ல் வந்த அவருடைய நூலில் குண்டூசித் தொழிற்சாலை உதாரணம் வரும். ஒரே ஆள் முழு ஊசியும் செய்யாமல் வேலையைப் பிரித்துக்கொண்டால் உற்பத்தி எப்படிப் பெருகுகிறது என்று காட்டுவார். 1790-களில் பிரான்ஸில் கஸ்பார் த ப்ரோனி என்ற பொறியாளருக்கு மிகப் பெரிய மடக்கை அட்டவணைகள் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. அவர் ஸ்மித்தின் யோசனையை எண்களுக்கே பயன்படுத்தினார். மேலே சில கணித மேதைகள், நடுவில் சில கணக்காளர்கள், கீழே கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்த ஒரு பெரிய கூட்டம்.

கூட்டல் மட்டும் தெரிந்தால் எப்படிப் போதும்? 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 4, 9, 16. குழிமாற்று வாய்பாடு, பெருக்கலே இல்லாமல் வந்துவிட்டது!

இதைப் பார்த்த இங்கிலாந்தின் சார்ல்ஸ் பாபேஜ், "கீழ்த்தட்டு வேலையை ஒரு இயந்திரமே செய்யலாமே" என்று நினைத்தார். முதலில் வித்தியாச இயந்திரம், பிறகு பகுப்பு இயந்திரம் என்று திட்டமிட்டார். இரண்டாவதை அவர் கட்டி முடிக்கவேயில்லை. ஆனால் அதைப் பற்றி 1843-ல் ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகள் நிலைத்துவிட்டன. திரும்பத் திரும்ப வரும் கட்டளைத் தொகுதியை அவர் "சுழற்சி" என்று அழைத்தார். அதோடு நிற்கவில்லை. சுழற்சிக்குள் சுழற்சி வரலாம், அதற்குள்ளும் இன்னொன்று வரலாம் என்று சொல்லி, எத்தனை அடுக்கு இருக்கிறதோ அதை வைத்து வகை பிரித்தார். இன்று லேபில் "நெஸ்டட் லூப்" என்று எழுதுகிறோமே, அது இயந்திரம் வருவதற்கு முன்பே காகிதத்தில் வந்துவிட்டது.

ஏன் மேலிருந்து கீழே மட்டும்?

1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் "டூ" என்ற ஒரே கட்டளையில் லூப் எழுதலாம், ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம். பிறகு ஆல்கால் 60-ல் "ஃபார்" வந்தது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்ச்சி உருவாக்கிய சி மொழியில், தொடக்கம், நிபந்தனை, கூட்டல் மூன்றும் ஒரே அடைப்புக்குள் வந்தன. 1995-ல் சன் நிறுவனம் ஜேம்ஸ் காஸ்லிங்கின் ஜாவாவை அறிவித்தபோது அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2010-ல் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. ஃபார் லூப் மட்டும் அசையவில்லை.

அசையாத இன்னொன்றும் உண்டு. ஜாவாவின் "பிரிண்ட்" அதே வரியில் எழுதும். "பிரிண்ட்எல்என்" எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். மேலே திரும்பிப் போக வழியில்லை. ஏன் இப்படி? பழைய கம்ப்யூட்டர்களின் வெளியீடு திரையில் வரவில்லை, காகிதத்தில் வந்தது. 1959-ல் வந்த ஐ.பி.எம். 1403 லைன் பிரிண்டர் ஒரு வரிக்கு 132 எழுத்து, நிமிடத்துக்கு 600 வரி என்று அடித்துத் தள்ளும். அச்சான வரி மேலே போய்விட்டால் போனதுதான். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமே என்ற அந்தக் காகித ஒழுங்குதான் இன்றும் பேட்டர்ன் புரோகிராமில் உயிரோடு இருக்கிறது.

இந்த ஒழுங்கால்தான் வைர வடிவம் மாணவர்களைப் படுத்துகிறது. மேல் பாதிக்கு ஒரு ஜோடி லூப், கீழ் பாதிக்கு இன்னொரு ஜோடி, வெற்றிடத்துக்குத் தனியாக லூப்... எழுதி முடிப்பதற்குள் தலை சுற்றும். இதற்கு நேர் எதிரான ஒரு முறை நம் வாசலில் இருக்கிறது.

7-1 நேர்ப்புள்ளி, 7-4 இடைப்புள்ளி

ஓசூரில் மார்கழிக் காலையில் தெருவுக்குள் நடந்தால், தமிழ் வீட்டில் கோலம், கன்னட வீட்டில் ரங்கோலி, தெலுங்கு வீட்டில் முக்கு. பெயர்தான் மூன்று, புள்ளி ஒன்றுதான். தமிழ் வார இதழ்களில் கோலம் அச்சாகும்போது பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: "15-8 இடைப்புள்ளி" என்பது போல. இரண்டு எண், ஒரு சொல். இதை வைத்துக்கொண்டு பார்க்காமலேயே புள்ளி வைத்துவிடுவார்கள்.

சின்னதாக எடுத்துக்கொள்ளலாம். 7-1 நேர்ப்புள்ளி என்றால் நடு வரிசையில் 7. மேலும் கீழும் இரு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி குறைந்து 5, 3, 1.

```
      *
    * * *
  * * * * *
* * * * * * *
  * * * * *
    * * *
      *
```

மொத்தம் 25 புள்ளி. லேபில் பயமுறுத்தும் அதே வைரம்!

7-4 இடைப்புள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. அதனால் வரிசைக்கு ஒன்றுதான் குறையும்: 7, 6, 5, 4.

```
   * * * *
  * * * * *
 * * * * * *
* * * * * * *
 * * * * * *
  * * * * *
   * * * *
```

மொத்தம் 37 புள்ளி.

கோலம் போடுகிறவர் பெரும்பாலும் மேலிருந்து தொடங்குவதில்லை. நடு வரிசையை முதலில் வைத்துவிட்டு இரு பக்கமும் போகிறார். அவர் மனதில் ஓடும் கேள்வி "இது எத்தனையாவது வரிசை?" அல்ல, "நடுவிலிருந்து எத்தனை தள்ளி?" என்பதுதான். அந்தத் தூரத்தை "த" என்று வைத்துக்கொண்டால், இடைப்புள்ளியில் புள்ளிகள் 7-லிருந்து த-வைக் கழித்தது. வரிசையின் முன்னால் விட வேண்டிய வெற்றிடம் த. நேர்ப்புள்ளியில் இரண்டுக்குமே த-வின் இரு மடங்கு. எந்த வரிசையை எடுத்தாலும் முன் வெற்றிடத்தையும் புள்ளிகளையும் கூட்டினால் 7. படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

மேல் பாதி, கீழ் பாதி என்ற பிரிவினையே இங்கே தேவையில்லை. தூரத்தைக் கழித்தல் குறி இல்லாமல் எடுத்துக்கொண்டால் ஒரே வெளி லூப் முழு வைரத்தையும் போட்டுவிடும். இரண்டு பக்கப் புரோகிராம் அரைப் பக்கமாகிவிடும்.

தாம்பரத்தில் நடந்தது

கோலத்துக்குள் இப்படி ஒரு விதி இருக்கிறது என்பதை அறிவியல் உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரிக்காரர்கள். புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932-1988), கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி (1929-2019) தம்பதியும், ராணியின் மாணவியும் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியருமான கமலா கிரிதிவாசனும்.

1950-களில் நோம் சாம்ஸ்கி, சில விதிகளை வைத்தே எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்கலாம் என்று காட்டியிருந்தார். வாக்கியம் ஒரே வரி. படம் அப்படியல்ல, அதற்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. படத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா? சிரோமணி குழு 1972-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழி சொன்னது. முதலில் கிடைமட்ட விதிகளால் ஒரு வரிசை உருவாகும். பிறகு அந்த வரிசையின் ஒவ்வோர் எழுத்தும் கீழ்நோக்கி ஒரே நேரத்தில் வளரும். வரிசைக்கு ஒரு விதி, நெடுக்குக்கு ஒரு விதி. இரண்டு லூப் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வாசனை உடனே தெரியும்.

1974-ல் மூவரும் சேர்ந்து கோலத்தையே தலைப்பில் வைத்து, கம்ப்யூட்டர் வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கோலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து கொடுத்தால், கோலமே எழுத்துகளின் கட்டமாகிவிடும். அந்தக் கட்டத்துக்கு இலக்கணம் எழுதலாம். ஒரே இலக்கணம் சின்னக் கோலத்தையும் போடும், அதே சாயலில் பெரிய கோலத்தையும் போடும். பின்னால் இந்த ஆய்வை அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-ல் பொது வாசகர்களுக்காக விரிவாக எழுதினார். ராணி சிரோமணி இந்தியாவின் கோட்பாட்டுக் கணினியியல் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோலம் போட்ட பெண்களிடம் இந்த விதி ஏற்கெனவே இருந்தது. அதை "வீட்டு வேலை" என்ற கணக்கில் சேர்த்தார்கள், "கணக்கு" என்ற கணக்கில் சேர்க்கவில்லை. தாம்பரத்துக் குழு செய்த பெரிய காரியம், அதைக் கணக்கு என்று பெயர் சொல்லி அழைத்ததுதான். இன்றும் எத்தனையோ வீடுகளில் அம்மா வாசலில் 15-8 இடைப்புள்ளி வைத்துக்கொண்டிருப்பார், உள்ளே பிள்ளை வைர புரோகிராமை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்று என்று இருவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கையில் கட்டியிருக்கும் லூப்

சரி, "எந்தக் கம்பெனி இதற்குச் சம்பளம் கொடுக்கிறது?" என்ற கேள்விக்கு ஓசூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1984-ல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில்தான். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் அந்த எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது அது. இரண்டிரண்டாக 15 முறை வகுத்துக்கொண்டே வந்தால் சரியாக ஒரு நொடி. பிறகு 60 நொடி ஓடினால் ஒரு நிமிடம், 60 நிமிடம் ஓடினால் ஒரு மணி, 12 மணி ஓடினால் முகப்பு ஒரு சுற்று. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய லூப்கள்!

பி.காம். முடித்து அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். 12 கிளைகள், ஒவ்வொன்றிலும் 30 நாள் விற்பனை. 200 ஊழியர்கள், ஒவ்வொருவருக்கும் 8 சம்பளத் தலைப்பு. கடன் ஒவ்வொன்றுக்கும் தவணை அட்டவணை. எல்லாமே வெளியே ஓர் எண்ணிக்கை, உள்ளே ஓர் எண்ணிக்கை. முக்கோணம் பிரிண்ட் செய்ய யாரும் சம்பளம் தருவதில்லை. வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் என்ன உறவு என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் தருகிறார்கள்.

எனவே அடுத்த முறை பேட்டர்ன் கேள்வி வந்தால் பத்து புரோகிராமையும் மறந்துவிட்டு, ஒரு தாளில் நடு வரிசையை மட்டும் போடுங்கள். அதிலிருந்து ஓர் அடி தள்ளினால் என்ன குறைகிறது, என்ன கூடுகிறது என்று பாருங்கள். மீதியை ஜாவா பார்த்துக்கொள்ளும்.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு: 15-8 இடைப்புள்ளிக்கு மொத்தம் எத்தனை புள்ளி? புரோகிராம் எழுதி எண்ணியவர்களுக்கு 169 வர வேண்டும். வரவில்லை என்றால் வீட்டில் கோலம் போடுகிறவரிடம் கேளுங்கள். எங்கே தப்பு என்று சொல்லிவிடுவார்.